கறுத்த பழமும் நம் மன்றமும்



சென்ற பொங்கல் விழா முடிந்த இரவு, அரங்கைக் கூட்டிப் பெருக்க எஞ்சி நின்றவர் ஐவர். நானும் அவர்களுள் ஒருவன். பாட்டும் ஆட்டமும் பட்டிமன்றமும் ஓய்ந்து, வந்தவர் அனைவரும் போய்விட்டனர். மேடையோரத்து மேசையில், கடையில் சொல்லிச் செய்வித்த பெரிய கேக் பாதிக்கு மேல் தீண்டுவாரின்றிக் கிடந்தது. வெள்ளைக் கிரீம் பூச்சின்மேல் சிவப்பு எழுத்தில் 'தமிழ் வாழ்க' என்று எழுதச் சொல்லியிருந்தோம். 'தமிழ்' இருந்த பக்கம் வெட்டுண்டு போய்விட்டது. 'வாழ்க' மட்டும் உருகி வழிந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் வாழ்க என்று கேட்க அங்கே ஆளில்லை. அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டவனும் நானே.

அப்போது நான் விடுதியில் தங்கியிருந்தேன். மறுநாள் காலை சமையற்கட்டின் பின்வாசல் வழியாக வந்தபோது, ஒரு கூடை நிறைய ஏலக்கி வாழைப்பழம், தோல் கறுத்துவிட்டது என்ற ஒரே குற்றத்துக்காக, அதே தொட்டிக்குள் சரிந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து உரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் வழக்கம் பழத்தையும் விட்டுவைக்கவில்லை.

யாரும் விரும்பாத கேக்கும், யாரும் விரும்பியிருக்க வேண்டிய பழமும் ஒரே தொட்டியில் சேர்ந்த அந்தக் காட்சியைக் கண்டு எனக்கு ஒரு கருத்துத் தோன்றியது. செயற்குழுவில் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் என் நெருங்கிய நண்பர்கள். ஆகவே மலரில் எழுதுகிறேன். அச்சில் வந்ததைப் பார்த்துச் சிரிக்க மனிதனுக்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நான் பாதி சொல்லி முடித்துவிடுவேன்.

என் கருத்து இதுதான். வருகிற விழாவுக்குக் கடைக் கேக் வேண்டாம். இந்தப் பெங்களூரில் அந்தந்தப் பருவத்தில் மலிந்து கிடக்கும் பழத்தைப் பிசைந்து பழ ரொட்டி சுடுவோம். நாமே சுடுவோம். 'நாமே' என்றால் யார் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சண்டை வரக்கூடிய இடம் அது.

பழ ரொட்டி என்றால் யாது? ஆங்கிலத்தில் அதனை ரொட்டி என்றுதான் அழைக்கிறார்கள்; உண்மையில் அது ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவே நிற்பது. ஈஸ்ட் இல்லை, மாவு பொங்கி வர மணிக்கணக்கில் காத்திருப்பதும் இல்லை. நன்கு கனிந்த பழத்தை மசித்து, மாவு, இனிப்பு, எண்ணெய், கொஞ்சம் தயிர், கொஞ்சம் ஆப்பச் சோடா சேர்த்துக் கலந்து, உடனே சூட்டில் வைத்துவிட வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். கத்தியால் அறுத்தால் துண்டாக வரும். உள்ளே ஈரப்பசை இருக்கும். இன்று சுட்டதை நாளை தின்றால் இன்னும் மெத்தென்றிருக்கும்.

மலர்க்குழுவில் தனித்தமிழ் அன்பர் ஒருவர் இருக்கிறார். "ரொட்டி தமிழன்று, வேறு சொல் எழுதுக" என்று கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறித்து அனுப்பிவிட்டார். ஈழத்தில் ரொட்டிக் கடைக்கு வெதுப்பகம் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வெதுப்பகத்துக்குப் போய் மக்கள் கேட்டு வாங்குவது 'பாண்'. அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். ஆகவே இக்கட்டுரை முடியும் வரை ரொட்டி ரொட்டியாகவே இருக்க அன்பர் இசைவாராக.

இனிச் செயற்குழுவில் எழுந்த முதல் தடைக்கு வருவோம். நம் பொருளாளர் எழுந்து, "பொங்கல் விழாவில் ரொட்டி சுடுவதா? இது தமிழ் மன்றமா, டிசம்பர் மாதத்துக் கேக் கடையா?" என்று கேட்டார். கைத்தட்டலும் கிடைத்தது. கடையிலிருந்து கேக் வந்து 'தமிழ் வாழ்க' என்று உருகிய அன்றைக்கு எழாத இந்த ஐயம், நாமே சுடுவோம் என்றதும் எழுந்ததை எண்ணி வியக்கிறேன். வாங்கினால் அயலன்று, சுட்டால் அயலோ?

அது போகட்டும். அந்தப் பண்டம் வெள்ளைக்காரருக்கே அப்படியொன்றும் தொன்மையானது அன்று. புளிக்க வைக்காமல் மாவை எழுப்பும் பொடியை, 1843-இல் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்பிரட் பேர்ட் என்பவர் செய்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவி உண்பதற்கு ஒரு ரொட்டி வேண்டுமே என்று சோடாவையும் அமிலப் பொடியையும் கலந்து பார்த்திருக்கிறார். (மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததை அறிந்து வைத்திருந்த கணவர் என்ற அளவிலேயே அவரைப் பாராட்டலாம்.) வாழைப்பழத்தைப் பிசைந்து ரொட்டியாகச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் பெருகியதோ 1930-களில்தான். நாடெங்கும் வேலையின்றி வறுமை சூழ்ந்திருந்த காலம். கறுத்த பழத்தைக்கூட எறிய மனம் வராத இல்லங்களில் அது வேர் பிடித்தது. 2020-இல் ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மறுபடியும் அதே ரொட்டியைத்தான் நாடு நாடாகச் சுட்டார்கள். இடுக்கண் வந்த காலத்துப் பண்டம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு அருகே. சிறுமலை வாழைப்பழத்தை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அப்பத்தா வீட்டில் தார் தொங்கும். முதல் சீப்பு சாமிக்கு, அடுத்தது விருந்தாளிக்கு, பிறகு எங்களுக்கு. கடைசியில் தோல் கறுத்து, காம்பு விட்டு, ஈ மொய்க்கத் தொடங்கிய பழங்கள் அப்பத்தாவின் தனிச்சொத்து. அவற்றை மசித்து, கோதுமை மாவும் வெல்லப் பாகும் ஏலப்பொடியும் தேங்காய்ப் பல்லும் சிட்டிகை ஆப்பச் சோடாவும் சேர்த்து, பணியாரக் கல்லில் ஊற்றி எடுப்பார். தூக்குச் சட்டியில் போட்டு வைத்தால் மறுநாள் மாலை வரை பஞ்சு போலிருக்கும். பள்ளிவிட்டு வந்ததும் நான் முதலில் தேடுவது புத்தகப் பையை வைக்கும் இடத்தையன்று, அந்தத் தூக்குச் சட்டியை.

பழம், மாவு, இனிப்பு, கொழுப்பு, சோடா, சூடு. அமெரிக்க ரொட்டிக்கும் அப்பத்தாவின் பணியாரத்துக்கும் பாத்திரத்தின் வடிவம் தவிர வேறு என்ன பெரிய வேறுபாடு? விடுதியில் பழத்தைக் கொட்டிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏண்டா கொட்டுனாங்க?"

"கறுத்துப் போச்சாம், அப்பத்தா."

"கறுத்தாத்தான்டா அது பழம். அதுக்கு முந்தி அது காய்க்குத் தம்பி."

இது வெறும் பேச்சன்று. வேதியியல் நண்பர்களைக் கேளுங்கள். வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள். கனியக் கனிய அது சர்க்கரையாக மாறி, முற்றக் கனிந்த பழத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மாவே எஞ்சும். அந்தச் சர்க்கரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழ ரொட்டி மறுநாளும் உலராமல் இருப்பதன் மறைபொருள் அதுவே. மஞ்சள் மாறாத அழகிய பழத்தைப் போட்டுச் சுட்டால் ரொட்டி மணமும் இராது, ஈரமும் இராது. பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். மலைவாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லமும் தேனும் நெய்யும் பேரீச்சையும் கற்கண்டும் சேர்த்து, ஒரு சொட்டு நீர் விடாமல் செய்கிறார்கள். பழத்துக்குள் இருக்கும் ஈரத்தை இனிப்பே காத்துக்கொள்கிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கனிந்த வாழைப்பழத்தை ஆளும் கலையில் நாம் யாருக்கும் மாணவர் அல்லர்.

இன்னும் பின்னே போகலாம். மதுரைக்காஞ்சியில் கூவியர் வருகின்றனர். அப்பம் சுட்டு விற்பவர்கள் அவர்கள். இரவு கடைத்தெருவில் தம் இனிய பண்டங்களோடு உறங்குகின்றனர். பிற்காலத்தில் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள், மேலைநாட்டு ரொட்டிக்குச் சொல் தேடியபோது, கைக்கு எட்டியது 'அப்பம்' என்ற சொல்தான். தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தோன்றிய உறவு நம் பொருளாளருக்குத் தோன்றவில்லை என்றால் குறை உறவில் இல்லை.

நிற்க. நாம் இருப்பது பெங்களூர். இந்த ஊரில் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது ஐயங்கார் பேக்கரியைப் பேசாமல் போவது நன்றிகேடு. தெருவுக்கு ஒன்று இருக்கிறது. தேநீர் வேளையில் நாம் தின்னும் காரப் பன்னும், தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தும், சிவப்பு ஜாம் பூசிய ஹனி கேக்கும் அங்கிருந்து வருபவை. 1898-இல் சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கிய கடையே இவ்வகையில் முதற்கடை என்பர். விசுவேசுவரபுரத்தில் 1953-இல் தோன்றிய வி.பி. பேக்கரிக்கு இன்றும் மாலையில் கூட்டம் குறைவதில்லை. இவர்களில் பலர் ஹெப்பார் ஐயங்கார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது என்ன மொழி தெரியுமா? கன்னடம் கலந்த ஒரு தமிழ். நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்நிலத்திலிருந்து வந்து, இந்த மண்ணின் மொழியையும் ஏற்று, தம் மொழியையும் விடாமல், ஆங்கிலேயன் ரொட்டியை முட்டையின்றிச் சுட்டு, அதில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் அரிந்து போட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டவர்கள். அவர்கள் மன்றம் வைத்து 'இது நம் பண்டமா' என்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் நமக்குக் காரப் பன் கிடைத்திருக்காது.

இங்கேதான் என் மனத்திலுள்ள குறையைச் சொல்ல வேண்டும். நம் மன்றத்துக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர் வருகின்றனர். மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வருகின்றனர். வந்த முதல் மாதம் 'ஊர்ச் சாப்பாடு இல்லை' என்பார்கள். உண்மைதான், பாவம், எனக்கும் அப்படியே இருந்தது. ஆனால் நான்காம் ஆண்டிலும் அதையே சொல்வோர் இருக்கின்றனர். காலையில் விடுதி, பகலில் ஆய்வுக்கூடம், இரவில் கைப்பேசியில் தருவித்த பொட்டலம். வெள்ளிக்கிழமை இரவானால் ஊருக்குப் பேருந்து. இந்த நகரத்தின் ஒரு மரம், ஒரு சந்தை, ஒரு பழம், ஒரு சொல் அறியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றனர். அவர்களுக்கு நம் மன்றம் செய்வது என்ன? ஆண்டுக்கு ஒருமுறை ஊரை நினைத்துப் பெருமூச்சு விட ஓர் அரங்கம் ஏற்பாடு செய்து கொடுக்கிறது. அதுவும் வேண்டியதுதான். அது மட்டும் போதுமா என்பதே என் வினா.

நான் இந்த ஊருக்குள் நுழைந்தது கறுத்த வாழைப்பழத்தின் வழியாக. விடுதியை விட்டு, இரு நண்பர்களோடு மல்லேசுவரம் பக்கம் ஒரு சிறு வீட்டில் குடியேறிய பிறகு, எட்டாவது குறுக்குத் தெருவில் பழம் விற்கும் ஓர் அம்மையாரிடம் போய், கடை கட்டும் நேரத்தில், கறுத்துப்போன ஏலக்கி வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஹசுவிகா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "பசு மாட்டுக்கான்னு கேக்கறாங்க தம்பி." மாட்டுக்கன்று, எனக்கே என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அன்று பாதி விலைக்குக் கொடுத்தார். அவர் முகத்தில் விலையைவிட இரக்கமே மிகுதியாக இருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே எண்ணிக்கொண்டு வந்தேன். பசு, ஹசு. தமிழ்ப் பகரம் முதலில் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. பழைய கன்னடத்தில் அதுவும் பகரமாகவே இருந்து பின்னர் மாறியது என்பர் மொழிநூலார். பால், ஹாலு. பத்து, ஹத்து. பூ, ஹூவு. பலா, ஹலசு. பழத்துக்கு ஹண்ணு. வகரமோ வேறு வழி போகிறது: வாழை, பாளெ, வெல்லம், பெல்ல, வெண்ணெய், பெண்ணெ. ('கம்பம்' என்னும்போது வரும் பகரம் போல் அதை ஒலிக்க வேண்டும், இல்லையேல் பாளெயும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது.) ஒரு மாலையில் பாதிச் சந்தையின் மொழி எனக்கு வசப்பட்டுவிட்டது. தொல்காப்பியமும் ஒப்பிலக்கணமும் வகுப்பில் படிக்கிறோம். எட்டாவது குறுக்குத் தெருவில் அவை கூடைகூடையாக விற்கின்றன.

இனிச் செய்முறை. தட்டில் வைத்துப் பேசாமல் தாளில் வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

ஏழெட்டு ஏலக்கிப் பழம். உரித்தபின் 300 கிராம் இருக்க வேண்டும். கையால் மசித்து, 120 கிராம் நாட்டுச் சர்க்கரை, 80 மில்லி எண்ணெய், 60 மில்லி புளித்த தயிர் சேர்த்துக் கலக்குக. வேறு பாத்திரத்தில் 200 கிராம் மாவு. மைதா பாதி, கோதுமை பாதி என் வழக்கம். அதில் முக்கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா, சிட்டிகை உப்பு, ஏலப்பொடி. இரண்டையும் ஒன்றாக்கிப் பத்துப் பன்னிரண்டு முறை கரண்டியால் புரட்டுக. அவ்வளவே. மாவு அங்கங்கே திட்டாகத் தெரிந்தால் தெரியட்டும். சப்பாத்தி மாவு பிசையும் வீரத்தை இங்கே காட்டினால் மாவிலுள்ள புரதம் இழுவையாகி ரொட்டி ரப்பராகிவிடும். என் முதல் ரொட்டியை வீட்டு நண்பன் கதவு இடுக்கில் முட்டுக்கொடுக்க வைத்துக்கொண்டான்.

கலந்ததும் தாமதிக்கலாகாது. சோடா, தயிரிலும் பழத்திலும் உள்ள புளிப்போடு சேர்ந்த நொடியிலேயே கரியமில வாயுவை விடத் தொடங்கிவிடும். கலவையை வைத்துவிட்டுக் கைப்பேசி பார்க்கப் போனால் வாயு போய்விடும், ரொட்டி அமர்ந்துவிடும். சோடாவைக் கூட்டிப் போட்டு ஈடுகட்டலாம் என்று எண்ணினால் சோப்புச் சுவை வரும். இந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காற்றின் அழுத்தம் குறைவாகையால் மாவும் சற்று விரைவாகவே எழும்பும். ஆகையால் சோடாவில் கை குறுகியே இருக்கட்டும்.

அடுப்பு இல்லையே என்று அஞ்ச வேண்டாம். மின்சார அவன் இருப்போர் 175 பாகையில் ஐம்பது முதல் அறுபது நிமிடம் வைக்கலாம். இல்லாதோர்க்குப் பழைய குக்கர் போதும். அடியில் அரை அங்குலம் மணலோ உப்போ பரப்பி, மூடியின் ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே ஒரு வளையத்தின்மேல் பாத்திரத்தை இறக்கி, தீயைத் தணித்து ஒரு மணி நேரம். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். புதிய குக்கரில் இதைச் செய்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்லேன்.

வாழை ஆண்டு முழுவதும் உண்டு. மற்றவை பருவத்தைக் காட்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாம்பழம். நாம் அல்போன்சா என்பது இங்கே பாதாமி. சாறு மிகுந்த ராஸ்புரியே ரொட்டிக்கு உகந்தது. நம் ஊரில் 'பெங்களூரா' என்று விற்கும் கிளிமூக்கு மாம்பழத்தைப் பெங்களூரில் வந்து அப்பெயரால் கேட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே அது தோத்தாபுரி. தொட்டபள்ளாபுரத்துக்கு அருகேயுள்ள தூபகெரெப் பலா மே, ஜூன் மாதங்களில் வரும். சுளை விறைப்பாக இருப்பதையே எல்லாரும் தேடுவார்கள். கூழாகக் கரையும் பழத்தைச் சீண்டுவார் இல்லை. ரொட்டிக்கோ அதுவே அரசன். ஹாப்காம்ஸ் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தோன்றிய அமைப்பு அது. அங்கே போனால் எந்த மாதத்தில் எது மலிவு என்பதைக் கண்ணே சொல்லிவிடும். வெண்ணெய்ப் பழம் என்று சொல்லத்தக்க பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் காலத்தில் எண்ணெயைப் பாதியாகக் குறைத்து அதை மசித்துப் போடலாம். நான் போட்டேன். நிறம் பாசி போல் இருந்தது, சுவை நன்று.

நிறம் என்றதும் திராட்சை நினைவுக்கு வருகிறது. நந்திமலைச் சாரலிலும் தேவனஹள்ளிப் பக்கத்திலும் விளையும் பெங்களூர் நீலத் திராட்சை, பொங்கலை ஒட்டித்தான் சந்தைக்கு வருகிறது. புவிசார் குறியீடு பெற்றது. கொட்டை உண்டு, தோல் தடிப்பு, மணமோ அறையை நிறைக்கும். விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் உண்டா என்று துள்ளினேன். தோலோடு வேகவைத்து, மசித்து, கொட்டையை வடித்து, ஊதாக் கூழை மாவில் சேர்த்தேன். கண்முன்னே அது சாம்பல் கலந்த நீலமாக மாறியது. வெந்த பிறகு சிமெண்டுப் பலகை போலிருந்தது. "இதைத் தின்ன வேண்டுமா, சுவரில் பதிக்க வேண்டுமா?" என்று கேட்டான் நண்பன். திராட்சையின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும். சோடாவின் காரத்தில் நீலம் பாய்ந்துவிடும். பள்ளியில் செம்பருத்திப் பூச்சாற்றை வைத்து இதே சோதனையைச் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான்! அடுத்த முறை சோடாவை விட்டு, புளிப்பும் காரமும் அளவாகக் கலந்த பேக்கிங் பவுடரைப் போட்டு, தயிரையும் கூட்டினேன். ஊதா நிறம் நின்றது.

இப்போது 'நாமே' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

சென்ற விழாவின் பணிப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். 'மேடை', 'ஒலிபெருக்கி', 'நிதி', 'வரவேற்பு' என்ற தலைப்புகளின் கீழ் ஆண்கள் பெயர்கள். 'உணவு' என்ற தலைப்பின் கீழ் 'மகளிர்' என்று ஒரே சொல். பெயர்கூட எழுதவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை என்பதுதான் தவறு. விழா முடிந்து ஒரு திங்கள் சென்றபின், இயற்பியலில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் சொன்னார்: "அன்னைக்குப் பிற்பகல் துறையில ஒரு வெளியூர்ப் பேராசிரியர் பேசினார். என் ஆய்வோட நேரா தொடர்புடைய பேச்சு. நான் கீழே மாவு கரைச்சுட்டிருந்தேன். யாரும் என்னை வரச் சொல்லலை, பட்டியல் சொல்லிச்சு." சினமே இல்லாமல் சொன்னார். சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பட்டியலில் நாம் காத்தது எந்தப் பண்பாடு? கேக்கின்மேல் எழுதிய இரண்டு சொற்களுக்குக் கீழே நடந்தது இது. ஆகவே பழ ரொட்டிக்கு நான் கேட்பது இதுதான்: சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்போம். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களும் அந்தக் குடத்தில் கிடக்கட்டும். பழம் மசிக்க ஆண் கையென்றும் பெண் கையென்றும் இல்லை. பாத்திரம் கழுவுவதும் அவ்வாறே. சர்க்கரைப் பொங்கலுக்கு இணையாக இதை நிறுத்த நான் முயலவில்லை. பொங்கல் பொங்கலாகவே இருக்கும். பால் பொங்கும், குலவை ஒலிக்கும். கடைக் கேக் இருந்த மேசையில் மட்டும் நாம் சுட்டது இருக்கட்டும் என்கிறேன்.

"முந்நூறு பேருக்கு நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். நியாயமான வினா. ஒரு ரொட்டியில் பன்னிரண்டு துண்டு வரும். இருபத்தைந்து ரொட்டி வேண்டும். இன்று சுட்டது நாளை நன்றாக இருக்கும் என்று முன்னரே சொன்னேன். ஆகையால் முதல் நாளே சுடலாம். வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நம் உறுப்பினர் ஐந்து வீட்டார் இசைந்தால் வீட்டுக்கு ஐந்து. விடுதியில் இருப்போர் அந்தந்த வீட்டுக்குப் போய்ப் பழம் உரிக்கலாம். புதிய மாணவர்கள் நால்வர் ஐவராகச் சந்தைக்குப் போய்க் கன்னடத்தில் கேட்டு வாங்கி வரட்டும். விடுதிச் சமையற்கட்டில் கொட்டப்போகும் பழத்தையும் முன்கூட்டியே சொல்லி வைத்துப் பெறலாம்.

வருகிற சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டில் ஒத்திகை. இரண்டு பழைய குக்கர், ஒரு சாக்கு மணல் இருக்கின்றன. மாவும் எண்ணெயும் என் செலவு. பழம் உங்கள் செலவு. மஞ்சளாக மின்னும் பழத்தைக் கொண்டு வருவோர் வாசலிலேயே நிறுத்தப்படுவர். பொருளாளரைத் தனியாக அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொன்னார், தின்பதற்கு மட்டும் என்றார். சீட்டில் அவர் பெயர் இருப்பதை இன்னும் சொல்லவில்லை.

சென்ற வாரம் சுட்டதில் ஒரு துண்டை வாழையிலையில் மடித்து, எட்டாவது குறுக்குத் தெரு அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டுக்கு வாங்குகிறான் என்று எண்ணிய பழம் என்ன ஆயிற்று என்று அவரும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? வாயில் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். பிறகு, "பெல்ல ஜாஸ்தி ஆய்து" என்றார். வெல்லம் கூடிவிட்டதாம். சனிக்கிழமை 120 கிராமை 100 ஆக்கிப் பார்க்கப் போகிறேன்.